புனித மைலும் நான்கு சக்கரங்களும்

இங்கிலாந்தின் கீழைக் கரையில் நார்ஃபோக் என்றொரு மாவட்டம் உண்டு. மலை இல்லாத நாடு அது. கண்ணுக்கெட்டிய தூரம் கோதுமை வயல்கள். இடையிடையே சிக்கிமுக்கிக் கல் பதித்த சுவர்களையுடைய பழைய வீடுகள். வட கடலிலிருந்து ஏறத்தாழ 8 கிலோமீட்டர் உள்ளே, இவ்வயல்களின் நடுவே அமைந்த சிற்றூரே வால்சிங்கம். 1061ஆம் ஆண்டில் ரிச்சல்டிஸ் என்னும் பெருமாட்டி, தாம் கண்ட காட்சியின்படி, நாசரேத்துத் திருவீட்டின் மாதிரி ஒன்றை இங்கே எழுப்பினார் என்பது மரபு. அதனால் இவ்வூருக்கு ‘இங்கிலாந்தின் நாசரேத்து’ என்ற பெயர் வழங்கலாயிற்று. எட்டாம் ஹென்றி மன்னனின் ஆட்சியில், 1538இல், இத்திருத்தலம் அழிக்கப்பட்டது. நூற்றாண்டுகள் கடந்து, 1934இல் மீண்டும் கத்தோலிக்கரின் தேசியத் திருத்தலமாகியது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் இதனைப் பசிலிக்கா நிலைக்கு உயர்த்தினார்.

ஊரை அடைவதற்கு ஒரு மைல் முன்பாகவே பதினான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த சிற்றாலயம் ஒன்று நிற்கிறது. அதற்கு ‘ஸ்லிப்பர் சேப்பல்’, அதாவது செருப்புக் கோயில், என்று பெயர். பண்டைய யாத்திரிகர் இங்கே பாதரட்சைகளைக் கழற்றி வைத்துவிட்டு, எஞ்சிய தூரத்தை வெறுங்காலுடன் நடந்து கடந்தனர் என்பர். அத்தூரமே புனித மைல். இன்றும் திருப்பயணிகள் செபமாலை சொல்லிக்கொண்டு அவ்வழியே நடக்கின்றனர். ஆண்டுதோறும் கோடைக்காலத்தில், இங்கிலாந்தில் குடியேறிய ஈழத் தமிழ்க் கத்தோலிக்கர் பெருந்திரளாக இங்கே கூடுவதையும், அன்று அந்த ஆங்கிலேயச் சிற்றூர் முழுவதும் தமிழ்ப் பாடலால் நிறைவதையும் வாசகர்களுள் சிலர் கேள்வியுற்றிருப்பர்.

காலால் நடப்பதையே பெருமையாகக் கொண்ட இந்த மைலை, நடக்க இயலாதவர் எவ்வாறு கடப்பது? இக்கேள்வியை நம் முன் வைத்தவர்கள் இலண்டனில் வாழும் ஒரு யாழ்ப்பாணத்துத் தம்பதியர். சில வாரங்கள் அங்குள்ள தமிழ்க் குடும்பங்களிடையே நாம் தங்கியிருந்தபோது அவர்களோடு பழகும் வாய்ப்புக் கிட்டியது. கணவருக்கு எழுபது வயது. மனைவிக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் பக்கவாதம் வந்து, வலக்காலும் வலக்கையும் தளர்ந்துவிட்டன. அதற்கு முன் ஒவ்வொரு கோடையிலும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு நார்ஃபோக் சென்று, திடலில் கூடாரம் அடித்து, நான்கைந்து நாட்கள் தங்கி, திருவிழாவிலும் கலந்துகொண்டு திரும்புவது அக்குடும்பத்தின் வழக்கம். விடுதியில் தங்கினால் ஆகும் செலவு அவர்களுக்குக் கட்டுப்படியாகாது. தவிரவும், பிள்ளைகள் வளர்ந்ததே அந்தக் கூடாரத்தில்தான். நோய் வந்தபின் மூன்று கோடைகளாக அக்கூடாரம் பரண்மேல் கிடந்தது.

தள்ளுநாற்காலி வீட்டில் இருந்தது. ஆனால் கணவரின் முதுகெலும்பு தேய்ந்துவிட்டபடியால், பத்துக் கிலோவுக்கு மேல் தூக்கலாகாது என்று மருத்துவர் கட்டளையிட்டிருந்தார். புல்தரையில் நாற்காலியைத் தள்ளுவதும் அவரால் ஆகாதிருந்தது. எனவே, அந்நாட்டில் ‘மொபிலிட்டி ஸ்கூட்டர்’ என்று வழங்கும் மின்கல வண்டி ஒன்றை வாங்குவதென்று முடிவு செய்தனர். எதை வாங்குவது என்பதில்தான் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. காரின் பின்புறத்தில் மடித்து வைக்கக்கூடிய சிறிய வண்டியே போதும் என்றார் கணவர். அம்மா வேறொன்று சொன்னார்:

“சுவாமி, இந்த மூண்டு வருசமும் இவர் தள்ளிக்கொண்டுபோய் விட்ட இடத்திலையிருந்துதான் நான் எல்லாத்தையும் பாத்தனான். இனி நான் போக நினைக்கிற இடத்துக்கு நானே போகவேணும். அதுக்கு ஏலாத வண்டி எனக்கு வேண்டாம்.”

அச்சொற்களில் இருந்த நியாயம் அவருக்கு உடனே விளங்கியது. தள்ளுகிறவர் எத்துணை அன்புடையவராயினும், எங்கே நிற்பது, எப்போது திரும்புவது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை அவர் கையில்தான் இருக்கிறது. வண்டியைத் தேர்வு செய்வது என்பது, அந்த உரிமையை மீண்டும் யார் கையில் கொடுப்பது என்பதைத் தேர்வு செய்வதேயாகும்.

அந்நாட்டுச் சட்டம் இவ்வண்டிகளை இரண்டு வகுப்புகளாகப் பிரிக்கிறது. இரண்டாம் வகுப்பு வண்டி மணிக்கு 4 மைல் வேகத்துக்கு மேல் செல்லாது, நடைபாதைக்கு உரியது, நடைபாதை இல்லாத இடத்தில் மட்டும் சாலையில் செல்லலாம். மூன்றாம் வகுப்பு வண்டி சாலையில் 8 மைல் வேகம்வரை செல்லும்; அதற்கு விளக்குகளும் ஒலிப்பானும் வேண்டும்; அரசிடம் பதிவும் செய்ய வேண்டும். இரண்டிற்கும் ஓட்டுநர் உரிமம் தேவையில்லை. காப்புறுதி கட்டாயமில்லை எனினும் செய்துகொள்வதே அறிவுடைமை.

கடையின் வழுவழுப்பான தரையில் எல்லா வண்டிகளும் தேர்போல் ஓடின. ஆனால் கூடாரத் திடல் கடைத்தரை அன்று. ஆகவே, வாங்குமுன் ஒரு வண்டியை வாடகைக்கு எடுத்து, திருவிழாவுக்கு முந்திய மாதத்தில் இரண்டு நாட்கள் திடலிலேயே ஓட்டிப் பார்ப்பதென்று ஏற்பாடாயிற்று. நாமும் உடன் சென்றோம். இலண்டனிலிருந்து ஏறத்தாழ 190 கிலோமீட்டர் பயணம்.

முதலில் எடுத்துச் சென்றது கணவர் விரும்பிய சிறிய வண்டி. அதனை ஐந்து பகுதிகளாகக் கழற்றலாம். ஆனால் அவற்றுள் மிகக் கனமான பகுதி 15 கிலோ. ஒவ்வொரு முறையும் அயலவர் ஒருவரைத் துணைக்கு அழைக்க வேண்டியிருந்தது. திடலின் நுழைவாயிலில் சரளைக் கற்களைத் தடிப்பாகக் கொட்டியிருந்தார்கள். உள்ளங்கை அகலச் சக்கரங்கள் அதில் புதைந்து நின்றன. புல்வெளியிலோ, தரைக்கும் வண்டியின் அடிப்பாகத்துக்கும் இடையே இருந்த சிறு இடைவெளி போதாமல், மேடு வந்த இடமெல்லாம் அடி தட்டியது. மூன்று சக்கர வண்டியாதலால் குறுகிய இடத்தில் அழகாகத் திரும்பியது உண்மைதான். ஆனால் பக்கச்சரிவில் ஒருபுறமாய்ச் சாய்ந்தபோது, பார்த்து நின்ற எல்லோருக்கும் நெஞ்சு பதறியது.

அன்றிரவு மழை பெய்தது. கூடாரத்திலிருந்து கழிப்பறைக் கட்டடம் ஏறத்தாழ 150 மீட்டர் தொலைவில் இருந்தது. கடற்கரைக்கும் கோயிலுக்கும் போவதைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தவர்களுக்கு, உண்மையான சோதனை இரவு இரண்டு மணிக்கு ஈரப்புல்லில் அந்த 150 மீட்டரைக் கடப்பதே என்பது அப்போது புலனாயிற்று. இடங்கேட்கும்போது கழிப்பறைக்கு அண்மையில், கெட்டித்தரை உள்ள இடமாகக் கேட்க வேண்டும் என்று மறுநாள் காலையில் அம்மா கட்டளையிட்டார். நோயுற்றோருக்கான பொதுக் கழிப்பறைகளைத் திறக்கும் ‘ராடார்’ சாவி என்று ஒன்று அந்நாடெங்கும் வழக்கில் உள்ளது. அதனையும் வாங்கி மாலையில் கோத்துக் கழுத்தில் அணிந்துகொண்டார்.

இந்த அனுபவத்திற்குப் பின்னரே தேர்வு தெளிவடைந்தது. அவர்கள் இறுதியாக எடுத்தது இரண்டாம் வகுப்பைச் சேர்ந்த, நடுத்தர அளவுள்ள நான்கு சக்கர வண்டி. சக்கரங்கள் பெரியவை, காற்றடைத்த டயர்கள். காற்றடைத்த டயரில் முள் தைக்கலாம் என்பது குறைதான். ஆனால் மேடுபள்ளத்தின் குலுக்கல் உடம்பில் ஏறுவதில்லை. கழற்றித் தூக்கும் வேலையே இல்லாதபடி, மடக்கக்கூடிய இரண்டு சரிவுப் பலகைகளை வாங்கினர். மகனின் வேனில் அப்பலகைகளைச் சாய்த்து, வண்டியை மெல்ல ஏற்றிவிடலாம். இதைவிடப் பெரிய, காட்டுவழியும் செல்லவல்ல ‘டிராம்பர்’ என்னும் வண்டியும் உண்டு. அதனை வாங்கி வீட்டில் வைத்துக் காப்பது எளிதன்று. ஆனால் நேஷனல் டிரஸ்ட் பராமரிக்கும் தோட்டங்கள் சிலவற்றில் பார்வையாளருக்கு அது கிடைக்கிறது என்பதையும் அறிந்து மகிழ்ந்தனர்.

மற்றொன்றும் கவனிக்க வேண்டியிருந்தது. இத்தகைய வண்டிகளில் கைப்பிடியின் இருபுறமும் நெம்புகோல்கள் இருக்கும். பெரும்பாலும் வலப்பக்கத்தை அழுத்தினால் முன்னேறும், இடப்பக்கத்தை அழுத்தினால் பின்னே செல்லும். அம்மாவின் வலக்கையில் வலுவில்லை. பழுது பார்ப்பவரிடம் சொல்லி இதனை மாற்றியமைத்தனர். பக்கவாதம் வந்தவருக்குச் சில வேளை ஒரு பக்கத்துப் பார்வையும் குறைவதுண்டு. ஆதலால் மருத்துவமனையின் மறுவாழ்வுப் பயிற்சியாளர் கண்ணையும் கையையும் சோதித்துச் சம்மதம் சொன்ன பின்னரே பணம் கட்டினர். பாட்டரியையும் மறக்கலாகாது. விற்பவர் சொல்லும் தூரம் சமதளத்துக்கு உரியது. புல்லும் ஏற்றமும் குளிரும் அதனைக் குறைத்துவிடும். ஆகவே மின் இணைப்புள்ள இடத்தையே திடலில் அமர்த்திக்கொண்டு, ஒவ்வோர் இரவும், மழையும் பனியும் படாத இடத்தில் வைத்து மின்னேற்றினர். சரிவில் நிற்கையில், சக்கரத்தை மோட்டாரிலிருந்து விடுவிக்கும் நெம்புகோலைத் தொடவே கூடாது என்பதைப் பேரப்பிள்ளைகளுக்கும் சொல்லி வைத்தனர். அதனைத் தொட்டால் பிரேக்கும் விடுபட்டுவிடும். பிறகு வண்டி தானாக உருளும்.

திருவிழாவுக்கு முந்தின நாள் மாலை. அந்நாட்டுக் கோடையில் ஒன்பது மணி ஆகியும் வெளிச்சம் மறைவதில்லை. செருப்புக் கோயிலில் சற்று நேரம் செபித்துவிட்டு அம்மா வண்டியில் அமர்ந்தார். ஊருக்குச் செல்லும் சாலை குறுகலானது, கார்கள் வந்துகொண்டிருந்தன. ஆயின், முன்னாளில் இவ்வழியே ஓடிய இரயில் 1964இல் நின்றுபோனபின், அதன் தடம் யாத்திரிகரின் நடைவழியாகியிருக்கிறது. இரயிலுக்கென அமைத்த பாதையாதலால் செங்குத்தான ஏற்றமோ இறக்கமோ இல்லை. வயல்களினூடே செல்லும் அவ்வழியை அம்மா தேர்ந்துகொண்டார்.

புறப்படுமுன் குனிந்து, இடக்கையால் தம் செருப்புகளைக் கழற்றினார். கணவர் பதறி, “இஞ்சேரும், நீர் நடக்கப் போறதில்லையே, ஏன் கழட்டுறீர்?” என்றார். “இஞ்சாருங்கோ, நடக்கிறவைக்கு மட்டுமே இந்த வழி? நீங்கள் பின்னுக்கு வாங்கோ” என்று சொல்லிவிட்டு அம்மா வண்டியை நகர்த்தினார்.

அந்த மைலைக் கடக்க நாற்பது நிமிடங்கள் ஆயின. வண்டியின் வேகத்துக்குப் பதினைந்து நிமிடங்களே போதும். ஆனால் அவர் விரும்பிய இடமெல்லாம் நின்றார். ஒரு வேலியோரத்தில் காட்டு ரோசா மலர்களைப் பார்த்து நின்றார். ஒரு மரத்தடியில் ஒரு மறையுண்மையை முழுவதும் சொல்லி முடித்தார். இரண்டு முறை திரும்பி, கணவர் வந்து சேரும்வரை காத்திருந்தார். மூன்று ஆண்டுகளாக மனைவியின் முதுகையே பார்த்து நடந்த அம்மனிதர், அன்று பல இடங்களில் அவர் முகத்தைப் பார்த்து, அவருக்குப் பக்கத்திலேயே நடந்ததை நாம் கண்டோம். வண்டியினால் விடுதலை பெற்றவர் ஒருவர் அல்லர், இருவர் என்பது அப்போது நமக்கு விளங்கிற்று.

அவ்வண்டியும் எல்லா இடத்துக்கும் போய்விடவில்லை. மறுவாரம் வெல்ஸ் கடற்கரைக்குச் சென்றபோது, துறையிலிருந்து கடற்கரை வரையுள்ள ஒரு மைல் நீளக் கரைமேட்டில் அது நன்றாகவே ஓடியது. ஆனால் மணல் தொடங்கிய இடத்தில் நின்றுவிட்டது. இளகிய மணலில் எவ்வகைச் சிறு வண்டியும் ஓடாது. உப்பு நீரோ மோட்டாருக்குப் பகை. அம்மா மனம் கலங்கவில்லை. “இவ்வளவுக்கு நானா வந்தனான், மிச்சத்துக்கு இவர் கையைப் பிடிப்பார்” என்றார்.

அன்பு வாசகர்களே, நம் நாட்டிலும் இவ்வகை வசதிகள் பெருகி வருகின்றன. தமிழக அரசு, கால்கள் செயலிழந்தோருக்கு இணைப்புச் சக்கரம் பொருத்திய பெட்ரோல் ஸ்கூட்டரை இலவசமாக வழங்குகிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான ‘நியோபோல்ட்’ என்னும் கருவியைச் சக்கர நாற்காலியின் முன்னே பூட்டினால், மணிக்கு 25 கிலோமீட்டர் வேகம்வரை செல்லலாம். வேளாங்கண்ணிக்கும் பூண்டிக்கும் குடும்பத்தோடு சென்று, பந்தலிலும் கூடாரத்திலும் தங்குவோர் நம்மிடையே ஏராளம். வண்டி வாங்க எண்ணுவோர் விலையையும் வேகத்தையும் கேட்குமுன் நான்கு கேள்விகளைக் கேட்பார்களாக: எந்தத் தரையில் ஓடவேண்டும்? யார் அதனை ஏற்றி இறக்குவார்? இரவில் கழிப்பறைக்கு வழி எப்படி? அதில் அமரப்போகிறவர் எங்கே செல்ல விரும்புகிறார்? கடைசிக் கேள்விக்கு விடையை அமரப்போகிறவரிடமிருந்தே கேட்டுப் பெறவேண்டும்.

பங்குகளுக்கும் ஒரு கடமை உண்டு. கோயில் வாசலில் ஓரடி உயரப் படி இருந்தால், அதற்குப் பன்னிரண்டு அடி நீளத்துக்குச் சரிவுப் பாதை அமைக்க வேண்டும். அதைவிடக் குறைந்தால் வண்டி ஏறுவதும் இறங்குவதும் இடராகும். சில மூட்டை சிமெண்டும் ஒரு கொத்தனாரின் சில நாள் உழைப்பும் இதற்குப் போதும். வீட்டிலிருந்து தாமாகவே வண்டி ஓட்டி வரும் ஒருவர், கோயில் வாசலில் நாலு பேர் தூக்கிவிடக் காத்திருக்கும் நிலை நம் பங்குகளில் இல்லாதொழிவதாக.