கோலாப்பூரில் ஒரு கடல் தெய்வம்

சில ஆண்டுகளுக்கு முன் புனேயிலிருந்து குடும்பத்துடன் கோலாப்பூர் சென்றிருந்தோம். மிரஜ் சந்திப்பில் பிரியும் கிளைப்பாதை அவ்வூரில் முடிவடைகிறது. மகாலட்சுமி ஆலயத் தரிசனம் முடிந்தபின், இரவு ரயிலுக்கு நேரம் மிகுதியாக இருந்தமையால் டவுன் ஹால் அருங்காட்சியகத்துக்குச் சென்றோம். நம்மவர் பலர் ஆலயத்தோடு திரும்பிவிடுவர். ஆகவே ஆங்குக் கண்டதை நம் சங்க அன்பர்களுக்குச் சொல்ல விழைகிறோம்.

அங்கே ஒரு சிறிய வெண்கலப் படிமம் உள்ளது. தாடியுடன், ஆடையின்றி, கையை உயர்த்தி நிற்கும் ஆடவர் உருவம். கையில் இருந்த திரிசூலம் மறைந்துவிட்டது. சிவபெருமானோ என்று எங்கள் அன்னையார் ஐயுற்றார். அன்று, கிரேக்கர் பொசைடன் என்றும், ரோமர் நெப்டியூன் என்றும் வணங்கிய கடல் தெய்வமே அது.

நகரின் மேற்கே பஞ்சகங்கை ஆற்றங்கரையில் பிரம்மபுரி என்னும் மேடு இருக்கிறது. 1940களின் நடுவில் அங்கு மண்ணை அகழ்ந்தபோது, சாதவாகனர் காலக் குடியிருப்பிலிருந்து இப்படிமம் வெளிப்பட்டது. ரோமக் கண்ணாடி, கூஜா ஆகியவற்றோடு, ஆட்கள் அமர்ந்த யானை போன்ற நம் நாட்டு வெண்கலங்களும் உடன் கிடைத்தன. பின்னர் 1945-46இல் புனே தக்காணக் கல்லூரியின் சங்காலியாவும் தீட்சித்தும் அவ்விடத்தை முறைப்படி அகழ்ந்து, 1952இல் அறிக்கை வெளியிட்டனர்.

கடலோ மலைத்தொடருக்கு அப்பால் உள்ளது. கடல் தெய்வம் இங்கு எவ்வாறு வந்தது? கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட பெரிப்ளூஸ் நூல், தக்காணத்துப் பைடன், தேர் ஆகிய ஊர்களின் சரக்குகள் வண்டிகளில் பரூச் துறைமுகம் சென்றதைக் கூறுகிறது. வண்டிகள் வெறுமனே திரும்பியிரா. நம் கடற்கரையிலும் அரிக்கமேட்டில் 1945இல் வீலர் அகழ்ந்தபோது ரோம மதுச்சாடிகளின் துண்டுகள் கிடைத்தன அல்லவா!

நாங்கள் ரயில்வே பார்சல் அலுவலகத்தில் எழுத்தர் பணி புரிபவர்கள். அனுப்புநர், பெறுநர் பெயரில்லாத பார்சல் எதையும் ஏற்பதில்லை. இப்படிமத்துக்கோ இரண்டும் இல்லை. “அந்த வீட்டார் இதை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், அப்பா?” என்று மகள் வினவினாள். விடை கூற இயலவில்லை. பூசையில் வைத்தனரோ, அழகுப் பொருளாக வைத்தனரோ, அதையும் மண் சொல்லவில்லை.

அவ்வினா எங்களை உறுத்தியது. அரக்கோணத்தை அடுத்த சிற்றூரிலிருந்து பாட்டியார் கொணர்ந்த பச்சையம்மன் பித்தளைப் படிமம் எங்கள் வீட்டில் உள்ளது. “இங்கே யாருக்கு இவள் பெயர் தெரியும்? ஊரிலுள்ள தம்பியிடமே கொடுத்துவிடு” என்று அன்னையார் பன்முறை கூறியிருந்தார். குழந்தைகள் அதனை ‘பொம்மை சாமி’ என்றே அழைத்தனர். குற்றம் அவர்களுடையதன்று, நாங்கள் சொல்லிக்கொடுத்ததில்லை.

திரும்பும் ரயிலில், பச்சையம்மன் கதையையும், பாட்டியார் அதனைப் புடைவைக்குள் சுற்றி எடுத்துவந்த கதையையும் அன்னையார் குழந்தைகளுக்குச் சொன்னார். வீடு வந்ததும் மகள் ஓர் ஏட்டில், கொணர்ந்தவர் பெயர், புறப்பட்ட ஊர், சேர்ந்த ஊர் அனைத்தையும் தமிழில் எழுதினாள். எழுத்துப் பிழைகள் நான்கு இருந்தன, திருத்திக் கொடுத்தோம்.

படிமத்தை ஊருக்கு அனுப்பவில்லை.