லென்ஸும் பூஞ்சணமும்

கருவி முக்கியமல்ல, கண்தான் முக்கியம் என்று சொல்கிறவர்களிடம் எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு. மொழி வெறும் சாதனம், அனுபவம்தான் கவிதை என்று சொல்கிறவர்களிடம் இருக்கும் அதே சந்தேகம். இரண்டிலும் ஒரு சோம்பேறித்தனம் ஒளிந்திருக்கிறது. 50 மி.மீ. லென்ஸ் ஒன்றை மட்டும் கையில் வைத்திருப்பவன், ஒரு முகம் படத்தை நிரப்ப வேண்டுமென்றால், நாலு அடி முன்னால் போயாக வேண்டும். போகக் கூச்சமாயிருந்தால் படம் இல்லை. இதில் கண் என்ன செய்யும்? கால்தான் போகவேண்டும். எவ்வளவு தூரம் போகவேண்டும் என்பதை லென்ஸ் முன்பே தீர்மானித்துவிட்டது.

எதிர்க்கோடியில் இருப்பவர்களும் உண்டு. கருவியைத் தவிர வேறெதையும் பேசாதவர்கள். ஆறு லென்ஸ் வைத்திருப்பார்கள். ஒவ்வொன்றும் மூலையில் எவ்வளவு கூர்மை என்று மனப்பாடமாகச் சொல்வார்கள். படம் காட்டுங்கள் என்றால் செங்கல் சுவரைக் காட்டுவார்கள். இந்த இரண்டு தரப்புக்கும் நடுவில் நிற்கும் உத்தேசம் எனக்கு இல்லை. நான் கருவியின் பக்கம்தான். ஆனால் அதைப் புழங்குகிறவன் வைத்திருக்கும் கருவியின் பக்கம்.

நான் வங்கியில் கிளார்க். தர்மபுரியில் இருந்தபோது, கல்யாண போட்டோகிராபர் ஒருவர் மிரர்லெஸ் காமிராவுக்கு மாறுகிறார் என்று கேள்விப்பட்டு, அவரிடமிருந்து நிக்கான் டி7000 ஒன்றை வாங்கினேன். 2010இல் வந்த மாடல். கைப்பிடி ரப்பர் உப்பியிருந்தது. மேல்பக்கத்தில் கறுப்பு தேய்ந்து உலோகம் தெரிந்தது. ஷட்டர் 1,50,000 தடவைக்குச் சோதிக்கப்பட்டது என்று கம்பெனி சொல்கிறது. அதில் 1,12,000 ஏற்கெனவே ஓடியிருந்தது. நண்பர்கள் சிரித்தார்கள். நான் பார்த்தது வேறு. கூட வந்த 50 மி.மீ. லென்ஸை முழுக்கத் திறந்து, பின்பக்கமிருந்து டார்ச் அடித்து, சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். உள்ளே இரண்டு மூன்று தூசி. நூல் மாதிரி எதுவும் இல்லை. அபர்ச்சர் தகடுகளில் எண்ணெய்க் கசிவு இல்லை. பிறகு வெறும் வானத்தை எஃப் 16இல் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால் ஏழெட்டுச் சாம்பல் புள்ளிகள். சென்சாரின் மேல் இருக்கும் தூசி. அது துடைத்தால் போகிற விஷயம். பத்து வருஷம் கல்யாண மண்டபங்களில் ஓமப்புகையும் சந்தனமும் பட்ட லென்ஸ் அது. உள்ளே ஸ்படிகமாக இருந்தது.

முடிந்துபோன வடிவம் என்பது தெரிந்தேதான் வாங்கினேன். 1991இல் கோடக் கம்பெனி, நிக்கான் எஃப்3 உடம்பில் 13 லட்சம் பிக்ஸல் சென்சாரைப் பொருத்தி விற்றதில் தொடங்கிய கதை. நிக்கானும் கானனும் 2020க்குப் பிறகு புதிய டி.எஸ்.எல்.ஆர். மாடல் எதையும் கொண்டுவரவில்லை. பென்டாக்ஸ் மட்டும் 2021இல் ஒன்று, 2023இல் கறுப்பு வெள்ளை மாத்திரமே எடுக்கும் இன்னொன்று என்று பிடிவாதம் பிடித்தது. முந்நூறு பிரதி அச்சாகும் பத்திரிகையில் எழுதுகிறவனுக்கு இந்தப் பிடிவாதம் புரியும். முடிந்துபோன வடிவத்தில் ஒரு சௌகரியமும் இருக்கிறது. விலை விழுந்துவிட்டது. விளம்பரக்காரன் போய்விட்டான். எது வேண்டும் எது வேண்டாம் என்று நிதானமாக யோசிக்கலாம்.

யோசித்தால், காமிரா உடம்பை வைத்து ஆரம்பிக்கிறவர்கள் எல்லாரும் தலைகீழாக ஆரம்பிக்கிறார்கள் என்பது தெரியும். உடம்பு பத்துப் பதினைந்து வருஷத்தில் போய்விடும். லென்ஸ் இருக்கும். நிக்கான் 1959இல் கொண்டுவந்த வாய்ப்பூட்டு வளையத்தை டி.எஸ்.எல்.ஆர். காலம் முழுக்க மாற்றவில்லை. 1977இலிருந்து வந்த கையால் திருகும் லென்ஸ்கள் டி7000இல் உட்காருகின்றன, வெளிச்சமும் அளக்கின்றன. கானன் 1987இல் வளையத்தை அடியோடு மாற்றியது. அதுவரை வாங்கியவர்களின் லென்ஸ்கள் புதிய உடம்புகளுக்கு அந்நியமாயின. ஆனால் நிக்கானின் விசுவாசத்திலும் ஓட்டை உண்டு. 2006இல் வந்த டி40 முதல், அதன் மலிவு உடம்புகளில் போகஸ் மோட்டார் கிடையாது. பழைய 50 மி.மீ. அதில் பொருந்தும், தானாக போகஸ் ஆகாது. பாரம்பரியம் என்று நாம் சொல்வதெல்லாம் ஏறக்குறைய இப்படித்தான். பொருந்தும், வேலை செய்யுமா என்பது தனியாகக் கேட்கவேண்டிய கேள்வி.

அடுத்தது, எந்த லென்ஸ். காமிராவோடு கிடைக்கும் 18-55 ஜூமை நான் கேவலமாகப் பேசமாட்டேன். ஆனால் ஜூம், நின்ற இடத்தில் நின்றபடியே அபிப்பிராயத்தை மாற்றிக்கொள்ளும் வசதியைக் கொடுத்துவிடுகிறது. கார்ட்டியே-பிரஸ்ஸான் பெரும்பாலும் ஒரே 50 மி.மீ. லென்ஸில் வாழ்க்கையை ஓட்டினார். 1950 ஏப்ரலில் ரமணரின் கடைசி நாட்களில் அவர் திருவண்ணாமலையில் இருந்தார். அந்த ஒரு தூரத்தில் நின்றுதான் உலகத்தைப் பார்ப்பேன் என்று தீர்மானித்த மனிதர். டி7000 மாதிரிச் சின்ன சென்சாரில் 50 மி.மீ., ஏறக்குறைய 75 மி.மீ. மாதிரிக் குறுகிவிடும். அவருடைய தூரம் வேண்டுமானால் 35 மி.மீ. வாங்கவேண்டும், 2009இல் நிக்கான் இதற்கென்றே எஃப் 1.8இல் ஒன்று போட்டது. நான் 50ஐயே வைத்துக்கொண்டேன். குறுகலான தூரம் என் சுபாவத்துக்கு ஒத்துவந்தது. தேர்வு என்பது மற்றதை வேண்டாமென்று சொல்வது. ஆறு லென்ஸ் வைத்திருப்பவர் தேர்ந்தெடுக்கவில்லை, சேகரித்திருக்கிறார்.

பிறகு நாகர்கோவிலுக்கு மாற்றல் வந்தது. இரண்டு பருவமழையும் பெய்கிற ஊர். தர்மபுரியில் லென்ஸை மேஜைமேல் போட்டுவைக்கலாம். இங்கே செருப்பில் பச்சை படிகிறது. பூஞ்சணத்தின் விதை காற்றில் எங்கும் இருக்கிறது. லென்ஸ் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே அதன்மேல் இருக்கும் என்றுகூடச் சொல்லலாம். அது முளைக்க வேண்டியது ஈரம், இருட்டு, அசையாத காற்று. விரல் ரேகையின் பிசுக்கும் தூசியும் அதற்கு ஆகாரம். முதலில் சிலந்திநூல் போல ஒன்று. பிறகு அது சுரக்கும் அமிலம் லென்ஸின் பூச்சை அரிக்கிறது. 1935இல் ட்ஸைஸ் கம்பெனியில் ஸ்மாகுலா கண்டுபிடித்த பூச்சின் வம்சம்தான் இன்றைக்கும் எல்லா லென்ஸிலும் இருக்கிறது. பூச்சில்லாத கண்ணாடி, தன்மேல் விழும் வெளிச்சத்தில் நூற்றுக்கு நாலு பங்கை ஒவ்வொரு முகத்திலும் திருப்பி அனுப்பும். பூச்சை அரித்துவிட்டால், பூஞ்சணத்தைத் துடைத்த பிறகும் அதன் தடம் நிற்கும். அதற்கு மருந்து இல்லை.

காற்றின் ஈரம் நாற்பதிலிருந்து ஐம்பது சதவிகிதத்துக்குள் இருந்தால் பூஞ்சணம் வராது. மழைக்காலத்தில் என் அறையில் எண்பதைத் தாண்டுகிறது. ரப்பர் வளையம் வைத்து இறுக மூடும் சமையலறை டப்பா ஒன்று, அதனுள் சிலிகா ஜெல், கூடவே கட்டைவிரல் அளவு ஈரமானி. இவ்வளவுதான் என் ஏற்பாடு. ஆரஞ்சு நிற சிலிகா ஜெல் ஈரம் குடித்துப் பச்சையானதும் வாணலியில் போட்டு மெல்லிய தீயில் வறுத்தால் திரும்ப ஆரஞ்சாகும். அதற்கென்று ஒரு பழைய வாணலி. அரிசியில் புதைப்பதெல்லாம் லென்ஸுக்குத் தவிட்டுத் தூசி கொடுக்கும் காரியம். தோலுறை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பாச்சா உருண்டையும் கற்பூரமும் இருக்கும் இடத்தில் காமிராவை வைக்காதே என்று நிக்கான் தன் கையேட்டிலேயே எழுதியிருக்கிறது.

இதையெல்லாம் எனக்கு ஸ்தூலமாகக் காட்டியது ஒரு நண்பரின் பெட்டி. பள்ளிக்கூட வாத்தியார். என்னைவிட இருபது வயது மூத்தவர். இருபத்தைந்து வருஷம் கவிதை எழுதினார். தொகுதி போடவில்லை. இன்னொரு தடவை பார்க்கவேண்டும் என்பார். போன ஐப்பசியில் காலமானார். பதினாறு கழிந்து, அவர் மனைவி ஒரு தேக்குப் பெட்டியோடு வீட்டுக்கு வந்தார்.

"இதுக்கு என்ன கிட்டும் தம்பி? அவிய ஒரு தூசி பட விடமாட்டாவ."

நகைக்கு மதிப்புப் போடுகிறவர் எங்கள் வங்கியில் வேறொருவர். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. பெட்டியைத் திறந்தேன். வெல்வெட். அதற்குள் தோலுறை. அதற்குள் லென்ஸ். மூலைக்கு மூலை பாச்சா உருண்டை. காமிரா உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. ஷட்டர் 2,140 தடவைதான் ஓடியிருந்தது. நாலு லென்ஸ். மூன்றில் பூஞ்சணம். டார்ச் வெளிச்சத்தில் ஜன்னலில் பனி படர்ந்த மாதிரி, பார்க்க அழகாகவே இருந்தது. திருவனந்தபுரத்தில் ஒரு மெக்கானிக் திறந்து பார்த்தார். 50 மி.மீ.யில் ஆரம்ப நிலை, துடைத்ததும் போய்விட்டது. மற்ற இரண்டிலும் பூச்சு அரித்துவிட்டது. உடம்புக்கும் 18-55க்கும் 8,000, துடைத்த 50க்கு 3,000, மற்ற இரண்டும் விலைபோகாது என்று சொன்னேன்.

"அப்பொ இவ்வளவு பத்திரமா வச்சதுக்கு?"

"இந்த ஊர்க் காத்து அப்படி மைனி" என்றேன். பொய் இல்லை. முழுப் பதிலும் இல்லை. புத்தக மதிப்புரையில் ஈவு இரக்கம் பார்க்காதவன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரை அன்றைக்கு அந்த அறையில் வைத்துக்கொள்ள இடமில்லை.

காமிராவுக்குள் மெமரி கார்டு இருந்தது. அவர் அனுமதியோடு வீட்டுக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தோம். நான் எதிர்பார்த்ததுதான். சுவரில் ஒட்டிய செய்தித்தாள். எஃப் 1.8இல், 2.8இல், 4இல், 5.6இல். எழுத்தின் ஓரம் எங்கே மங்குகிறது என்று பார்க்க எடுத்தவை. நூற்றுக்கணக்கில் அதே பக்கம். அதன் நடுவே நாற்பது படங்கள் வேறு மாதிரி வந்தன. சுவருக்குப் பதில், ஜன்னலோரம் ஸ்டூலில் உட்கார்ந்து மைனி செய்தித்தாளை மடியில் விரித்துப் பிடித்திருக்கிறார். போகஸ் தாளின்மேல் ஒரு தடவை, விரல்மேல் ஒரு தடவை, கண்மேல் ஒரு தடவை. முதலில் எரிச்சல் தெரிகிறது. அடுப்பில் எதையோ வைத்துவிட்டு வந்த முகம். பத்தாவது படத்துக்குமேல் தாளைப் படிக்கத் தொடங்கிவிடுகிறார். ஒன்றில், படித்ததைப் பற்றி என்னவோ கேட்கிறார். லென்ஸைப் பார்க்கவில்லை, அதற்குப் பின்னால் இருக்கும் ஆளைப் பார்க்கிறார்.

நாற்பதில் ஏழு எட்டு, நான் இந்த வருஷங்களில் பார்த்த எந்தப் படத்துக்கும் குறைந்தவை அல்ல. அவர் அவற்றைப் படம் என்று நினைக்கவில்லை. சோதனை என்றுதான் நினைத்திருப்பார். படம் என்று நினைத்திருந்தால் இன்னொரு தடவை பார்க்கவேண்டும் என்று அழித்தும் இருப்பார். கருவியைக் கும்பிட்டுக்கொண்டிருந்தவன் என்று அவரை ஒரு வரியில் முடித்துவிட எனக்கு இப்போது வழியில்லை. அதே சமயம், பெட்டிக்குள் இருந்த வருஷங்களுக்கு இந்த நாற்பது படங்களைச் சமாதானமாகச் சொல்லவும் மாட்டேன். பத்து வருஷத்தில் நாற்பது என்பது ஒரு மத்தியானத்து வேலை. அந்த மத்தியானம் தினமும் வந்துகொண்டுதான் இருந்தது.

நம்மிடையேயும் இப்படி உண்டு. அளவுகோலை மெருகேற்றியே வைத்திருக்கிறார்கள். கடைசியாக எந்தப் புதுப் புத்தகத்தின்மேல் வைத்துப் பார்த்தீர்கள் என்று கேட்டால் பதில் இல்லை. ரசனையும் இருட்டில், அசையாத காற்றில்தான் பூஞ்சணம் பிடிக்கிறது. பெட்டிக்காரருக்கு அது தெரியாது; வெளியிலிருந்து டார்ச் அடிக்கிறவனுக்குத்தான் தெரியும்.

பராமரிப்பு என்று நான் செய்வது சொற்பம். ரப்பர் ஊதியால் ஊதுவது. வாயால் ஊதுவதில்லை, எச்சில் படும். பிரஷ். அதற்கும் போகாவிட்டால்தான் லென்ஸ் திரவம் ஒரு சொட்டு, துணியில், லென்ஸில் அல்ல. சென்சாரைத் துடைக்க, பாட்டரி முழுக்க சார்ஜ் ஆன பிறகுதான் உள்ளிருக்கும் கண்ணாடியைத் தூக்கி நிறுத்துவேன். பாதியில் சக்தி போனால் அது கையின்மேல் விழும். யு.வி. பில்டர் போடுவதில்லை. சென்சாருக்கு முன்னாலேயே அந்த வேலைக்கு ஒரு தகடு இருக்கிறது. நல்ல லென்ஸின் முன்னால் மலிவுக் கண்ணாடி மாட்டுவது, நல்ல தொகுதிக்கு யாரோ ஒருவரிடம் முன்னுரை வாங்கிப் போடுகிற மாதிரி. ஹூட் போதும், வெயிலையும் மறைக்கும், இடியையும் வாங்கும். இதைவிட முக்கியம், வாரம் ஒரு தடவையாவது டப்பாவைத் திறந்து, லென்ஸை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் உபயோகிப்பது.

அந்த எட்டு படங்களைப் பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். மைனி 50 மி.மீ.யை விற்கவில்லை. விலைபோகாத இரண்டில், 85 மி.மீ.யை என்னிடம் கொடுத்துவிட்டார். அதைத் தனி டப்பாவில் வைத்திருக்கிறேன். வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்தால் படம் முழுக்க ஒரு வெண்புகை. கறுப்பு கறுப்பாக வராது. சூரியன் முதுகுப்பக்கம் இருந்தால் வித்தியாசமே தெரியவில்லை. சாயங்காலங்களில் வடசேரிச் சந்தைப் பக்கம் மேற்கே முதுகைக் காட்டி நின்று, அதில்தான் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.