கான்டெஸாவுக்கு என்ன ஆச்சு?



போன மாதம் நம் காரின் படத்தைப் போட்டதிலிருந்து தினம் நாலு பேராவது கேட்கிறீர்கள். "சார், வண்டி ஓடுதா?" என்று பாதிப்பேர். "பென்ஷன் பணத்தை ஏன் இதுல போட்டீங்க மாமா?" என்று மீதிப்பேர். தனித்தனியாகப் பதில் போட முடியவில்லை. அதனால் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வண்டி 1993 மாடல் கான்டெஸா கிளாசிக். இளைய பிள்ளைகளுக்கு இந்தப் பெயரே தெரிந்திருக்காது. இங்கிலாந்து வாக்ஸ்ஹால் காரின் வடிவத்தை எடுத்து ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984 முதல் 2002 வரை வங்காளத்தில் உத்தர்பாராவில் செய்த கார். முதலில் சின்ன என்ஜின்தான் இருந்தது. பிறகு ஜப்பானின் இசுசு 1.8 லிட்டர் என்ஜின் வந்தது. எங்கள் வாலிப வயதில் எஸ்டேட் முதலாளிகள் வந்து இறங்கும் கார் இது.

ஆசைக்காக மட்டும் வாங்கவில்லை. அக்காவுக்கு இடுப்பில் ஆபரேஷன் ஆனது உங்களில் பலருக்குத் தெரியும். மாதம் ஒரு தடவை கோவைக்கு டாக்டரிடம் அழைத்துப் போக வேண்டும். சின்னக் காரில் காலை மடக்கி மூன்று மணி நேரம் உட்கார அவரால் முடியாது. கான்டெஸாவின் பின் சீட்டில் காலை நீட்டிச் சாய்ந்துகொள்ளலாம்.

வாங்கின முதல் வாரமே தொல்லை ஆரம்பித்துவிட்டது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும்போது குஞ்சப்பனை தாண்டினதும் சூட்டு முள் மேலே போகும். அரவேணு வருவதற்குள் ரேடியேட்டர் தண்ணீரைக் கக்கும். இழுவை இல்லை, கறுப்புப் புகை, பெட்ரோல் வாசனை. காட்டிய ஒரு பட்டறையில் கம்ப்ரஷன் மீட்டர் வைத்துப் பார்த்தார்கள். நாலு சிலிண்டரிலும் 130 பவுண்டை ஒட்டித்தான் காட்டியது. "என்ஜின் தேஞ்சு போச்சு சார். போர் பண்ணணும், எண்பதாயிரம் ஆகும்" என்றார்கள். வீட்டில் எல்லோரும் "வித்துடுங்க" என்றார்கள்.

நான் ஒரு கேள்விதான் கேட்டேன். தேய்ந்த என்ஜின் என்றால் நாலு சிலிண்டரும் ஒரே அளவாகவா தேயும்?

கோத்தகிரியில் பட்டறை வைத்திருக்கும் நம் பழைய மாணவர் ஒருவரைக் கூப்பிட்டேன். (பெயர் போட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.) இரண்டு பேரும் வரிசையாகப் பார்த்தோம். என்ஜின் ஆயிலில் தண்ணீர் கலந்து பால் நிறம் இருக்கிறதா? இல்லை. வண்டி ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்தால் ரேடியேட்டரில் குமிழி வருகிறதா? இல்லை. அப்படியானால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டியதில்லை.

அடுத்து அதே மீட்டரை எடுத்துக்கொண்டு மேட்டுப்பாளையத்துக்கு இறங்கினோம். அங்கே அளந்தால் நாலு சிலிண்டரும் 152-க்கும் 156-க்கும் நடுவில்! 33 கிலோமீட்டர் இறங்கினதில் என்ஜின் குணமாகிவிட்டதா?

பாடம் ஞாபகம் இருக்கிறதா பிள்ளைகளே? நம் கட்டபெட்டு 6,000 அடிக்கு மேலே இருக்கிறது. இங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நாலு பங்குதான். என்ஜின் உள்ளே இழுக்கும் காற்றே மெலிசு. அதை அமுக்கினால் வரும் அழுத்தமும் அதே விகிதத்தில் குறையும். சமவெளிக் கணக்கை வைத்து மலையில் அளந்தால் நல்ல என்ஜினும் நோயாளியாகத்தான் தெரியும். மலையில் பார்க்க வேண்டியது மொத்த எண்ணை அல்ல, நாலுக்கும் நடுவே இருக்கும் வித்தியாசத்தை.

கறுப்புப் புகைக்கும் காரணம் அதே காற்றுதான். சமவெளிக்கு வைத்த கார்புரேட்டர், காற்று மெலிந்தாலும் பெட்ரோலை அந்த அளவுக்குக் குறைக்காது. பிளக்கைக் கழற்றினால் நாலும் அடுப்புக்கரி மாதிரி இருந்தது. மெயின் ஜெட்டை ஒரே ஒரு எண் சின்னதாக மாற்றினோம். அதற்குமேல் குறைக்கவில்லை. கோவை போய்வரும் வண்டி, கீழே பெட்ரோல் போதாமல் என்ஜின் சூடாகிவிடக் கூடாது.

கடைசியாகச் சூடு. ஊட்டியில் குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது என்று நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். இங்கே தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடியும் குக்கர் வெயிட் மாதிரிதான். 13 பவுண்டு மூடி ஒழுங்காக அமுக்கிப் பிடித்தால் இந்த உயரத்திலும் சுமார் 115 டிகிரி வரை தண்ணீர் கொதிக்காது. நம் மூடியின் ஸ்பிரிங் முப்பது வருஷத்தில் தளர்ந்து, ரப்பர் வெடித்திருந்தது. வெயிட் போடாத குக்கர்! புது மூடியும், வெடித்திருந்த ஹோஸுக்குப் பதில் இன்னொன்றும் போட்டோம்.

ஜெட், பிளக், மூடி, ஹோஸ், கூலன்ட் எல்லாம் சேர்த்து நாலாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. மாணவர் கூலி வாங்க மறுத்தார். வற்புறுத்திக் கொடுத்தேன். தொழிலுக்குக் கூலி வாங்க வேண்டும்.

போன செவ்வாய்க்கிழமை அக்காவை அழைத்துப் போய்வந்தோம். குஞ்சப்பனை ஏற்றத்தில் முள் பாதியைத் தாண்டவில்லை. அக்கா அரவேணு வரைக்கும் தூங்கிக்கொண்டே வந்தார்.

பழைய வண்டி வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு இரண்டு வார்த்தை. என்ஜினைப் பிரிக்கச் சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். மலிவான சோதனைகளை ஒவ்வொன்றாக முடித்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது சரிசெய்தது என்று தெரியாமல் போகும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியில் மட்டும் கை வைக்கவே வைக்காதீர்கள், முகம் வெந்துவிடும்.

கட்டபெட்டு ஜங்ஷன் வழியாகப் போகிறவர்கள் வீட்டுக்கு வாருங்கள். டீயும் உண்டு, கான்டெஸாவில் ஒரு சுற்றும் உண்டு.