ருஷிகுல்யா: கடலைத் தேடும் குஞ்சுகள்

ஒடிசாவின் பெர்ஹாம்பூரிலிருந்து சுமார் 30 கி.மீ. தொலைவில், ருஷிகுல்யா ஆறு வங்கக் கடலில் கலக்கிறது. மணல் திட்டு, சவுக்குத் தோப்பு, மீன்பிடிப் படகுகள்: பார்க்கப் பெரிதாக ஒன்றுமில்லாத கடற்கரை. ஆனால் 2023-இல் சில நாட்களுக்குள் 6 லட்சத்துக்கும் அதிகமான ஆமைகள் இங்கே முட்டையிட்டன. தமிழ் மீனவர்கள் பங்குனி ஆமை என்றழைக்கும் ஆலிவ் ரிட்லி இனம் இது. சில ஆண்டுகளில் அவை கூட்டமாக வருவதே இல்லை. விஞ்ஞான உலகம் இந்த இடத்தை அறிந்ததே 1994-இல்தான்.

ஏறக்குறைய 50 நாட்களில் மணல் அசைகிறது. கட்டைவிரல் நீளமே உள்ள குஞ்சுகள் இரவில் வெளியே வருகின்றன. அவற்றின் முக்கிய வழிகாட்டி: அடிவானத்தில் வெளிச்சமான பக்கம். விளக்குகள் இல்லாத காலத்தில் அது எப்போதும் கடல்தான். இன்று நெடுஞ்சாலையும் ஊர்களும் கரைப்பக்கம் ஒளிர்கின்றன. ஏமாந்த குஞ்சுகள் நிலத்தை நோக்கி ஊர்ந்து நாய்க்கும் காக்கைக்கும் இரையாகின்றன. தப்பியவை வெயிலில் காய்கின்றன. இதைத் தடுக்க வனத்துறை கரையோரம் வலை கட்டுகிறது. புருணபந்தா போன்ற மீனவ கிராமங்களின் இளைஞர்கள் வழிதவறியவற்றைக் கூடைகளில் சேகரித்துக் கடலோரம் கொண்டுவருகிறார்கள்.

அவர்களது வேலைமுறையில் பயணிக்கும் பாடம் உண்டு. குஞ்சைக் கண்டால் முதலில் டார்ச்சை அணையுங்கள். கடலை நோக்கிப் போகிறதா? தொடாதீர்கள், நாயை மட்டும் விரட்டுங்கள். திசைமாறியிருந்தால் எடுத்து, அலைக்குச் சற்று முன்னால் ஈரமணலில் விடுங்கள். அலைக்குள் வீச வேண்டாம். மீதி தூரத்தை அது தானே நடக்கட்டும். பகலில் கிடைத்தால் ஈரமணல் இட்ட பெட்டியில், நிழலில் வைத்து, வனத்துறைக்குச் சொல்லுங்கள். வாளித் தண்ணீரில் போடக்கூடாது. ஆழ்கடலை எட்ட வயிற்றில் மிஞ்சியுள்ள மஞ்சள்கருதான் அதன் கட்டுச்சோறு. வாளியிலேயே நீந்தி அதைத் தீர்த்துவிடும். வீட்டுக்குக் கொண்டுபோவதோ குற்றம்: 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் உயிர் இது.

ஆயிரத்தில் ஒன்றுதான் வளர்ந்து ஆளாகும் என்பது பொதுவான கணக்கு. அந்த ஒன்று எது என்று யாருக்கும் தெரியாது. அதனால்தான் புருணபந்தா இளைஞர்கள் ஒன்றையும் விடாமல் பொறுக்குகிறார்கள்.