காஞ்சிபுரத்தில் காரை எங்கே விடுவது?

“இந்த வண்டி உங்களோடதாம்மா?”

பிள்ளையார்பாளையத்தில் ஒரு குறுகலான தெரு. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணி இருக்கும். கைலாசநாதர் கோயிலைப் பார்த்துவிட்டு அத்தை, மாமா, கல்யாணப் பெண்ணான அவர்கள் மகள், நான் என்று நான்கு பேரும் திரும்பி வந்துகொண்டிருந்தோம். எங்கள் கார் நின்ற இடத்தில் ஆறேழு பேர் நின்றிருந்தார்கள். ஒருவர் தோளில் சுருட்டிய பட்டு நூல் பாவு. இன்னொருவர் கையில் கஞ்சி வாளி. கேள்வி கேட்டவருக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும்.

“ஆமாங்க தாத்தா.”

“ஒரு மணி நேரமா நிக்கிறோம். இங்கதான் பாவு இழுத்துக் கட்டணும். வெயில் ஏறிட்டா இழை அறும். கண்ணாடியில ஒரு போன் நம்பராவது எழுதி வெச்சிட்டுப் போயிருக்கலாமேம்மா.”

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது. மாமா அவசரமாக வண்டியை எடுத்தார். நாங்கள் போவதற்குள் ஒருவர் வானத்தைப் பார்த்துவிட்டு, “இன்னிக்கு வேணாம்பா, நாளைக்குப் பாத்துக்கலாம்” என்றது காதில் விழுந்தது. நாங்கள் போனது எதற்கு? கல்யாணத்துக்குப் பட்டுச்சேலை எடுக்க!

ஊருக்கு வந்ததும் முதல் வேலையாக ஒரு கணக்குப் போட்டேன். காஞ்சிபுரத்தில் ஒரு பாவில் வழக்கமாக மூன்று சேலைகள் வரை நெய்வார்கள். அப்படியென்றால் நீளம் கிட்டத்தட்ட 18 மீட்டர். ஆயிரக்கணக்கான இழைகளைச் சிக்கெடுத்து, அறுந்ததை முடிந்து, கஞ்சி தடவி, சீராக்க அந்த நீளம் முழுக்க ஒரே நேர்கோட்டில் காலியாக இருக்க வேண்டும். வீட்டுக்குள் அதற்கு இடம் கிடையாது. அதனால்தான் தெரு. ஒரு காரின் நீளம் சுமார் 4 மீட்டர். நான்கு கார்கள் வரிசையாக நின்றால் ஒரு பாவுக்கான இடம் போயிற்று. நடுவில் ஒரே ஒரு கார் நின்றாலும் போயிற்று. எங்கள் கார் நடுவில் நின்றது.

ஏன் அந்தத் தெருவுக்குள் போனோம்?

காஞ்சிபுரத்துக்குக் காரில் போன எல்லோருக்கும் இந்தக் கதை தெரியும். சென்னையிலிருந்து சுமார் 75 கிலோமீட்டர். பெங்களூரு நெடுஞ்சாலையில் சரசரவென்று வந்துவிடுகிறோம். பொன்னேரிக்கரையில் திரும்பி ஊருக்குள் நுழைந்த பிறகுதான் பயணமே ஆரம்பிக்கிறது. காமாட்சியம்மன் கோயிலும் ஏகாம்பரநாதர் கோயிலும் பெரிய காஞ்சியில் பக்கத்துப் பக்கத்தில். வரதராஜப் பெருமாள் கோயில் சின்ன காஞ்சியில், ஏறக்குறைய 3 கிலோமீட்டர் தள்ளி. கைலாசநாதர் கோயில் மேற்கு ஓரத்தில். பட்டுக்கடைகள் காந்தி ரோட்டில். பஸ் ஸ்டாண்டோ ஊரின் நட்ட நடுவில்.

ராஜ வீதிகள் தேர் ஓடுவதற்காக அகலமாக விடப்பட்டவை. அந்த அகலத்தில் இன்று இரண்டு பக்கமும் வண்டிகள். முகூர்த்த நாட்களுக்கு முந்தைய ஞாயிறு என்றால் காந்தி ரோட்டில் கார் ஊர்வதைவிட நாம் நடந்தால் சீக்கிரம் போய்விடலாம். ஆக, கூகுள் மேப்பில் சாம்பல் நிறத்தில் காலியாகத் தெரியும் சந்து எதுவோ அங்கே திருப்புகிறோம். அப்படிக் காலியாகத் தெரிவதில் பல தெருக்கள் நெசவாளர் தெருக்கள். காலியாக இருப்பதற்கு அவற்றுக்கு ஒரு காரணம் உண்டு என்பது நமக்குத் தெரிவதில்லை.

இதே ஊர் ஒரு முறை 48 நாட்களுக்கு இந்தப் பிரச்னையை நேருக்கு நேர் சந்தித்தது. நினைவிருக்கிறதா?

அத்தி வரதர் வந்த கோடை

2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை. அனந்தசரஸ் குளத்துக்குள் இருந்து 40 ஆண்டுகளுக்கு ஒரு முறை வெளியே வரும் அத்தி வரதர், ஜூலை முழுக்கச் சயனக் கோலத்திலும் ஆகஸ்டில் நின்ற கோலத்திலும் காட்சி தந்தார். இதற்கு முன் அவர் வந்தது 1979-ல். அப்போது பஸ்ஸிலும் ரயிலிலும் மாட்டுவண்டியிலும் வந்த குடும்பங்கள், 2019-ல் காரிலும் வேனிலும் வந்தன. ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் தரிசித்ததாக மாவட்ட நிர்வாகம் சொன்னது.

ஊரின் எல்லையிலேயே வண்டிகளை நிறுத்திவிட முடிவு செய்தார்கள். ஓரிக்கை, ஒலிமுகமதுபேட்டை, பச்சையப்பன் கல்லூரிப் பக்கம் என்று தற்காலிக பஸ் நிலையங்கள் முளைத்தன. அங்கிருந்து கோயில் பக்கம் மினி பஸ்கள். எல்லாமே சரியாக நடந்தது என்று சொல்ல முடியாது. ஜூலை 18 அன்று கூட்டத்தில் மயங்கி நான்கு பேர் இறந்த செய்தி வந்தபோது தமிழ்நாடே அதிர்ந்தது. ஆனால், வெளியே நிறுத்திவிட்டு உள்ளே நடந்து வருவது என்ற ஏற்பாட்டுக்கு இந்த ஊர் பழகிக் காட்டியது அப்போதுதான்.

ஓரிக்கைப் பக்கம் கொஞ்சம் நிலம் வைத்திருக்கும் பெரியவர் ஒருவரை அத்தை வீட்டினருக்குத் தெரியும். அந்த 48 நாட்களில் தன் வயலில் வண்டிகளை விட்டவர். எங்கள் கார் சமாச்சாரத்தைக் கேட்டுச் சிரித்துவிட்டு, தன் கதையைச் சொன்னார்.

“அந்த வருஷம் மழையே இல்லையே. சென்னைக்கே தண்ணி இல்லாம போச்சு. எங்க கிணத்துலயும் இல்ல. சொர்ணவாரி நடவே போடல. நிலம் சும்மா கெடந்துச்சு, வந்தவங்க விட்டுக்கட்டுமேன்னு விட்டேன். முதல் வாரம் நல்லாத்தான் இருந்துச்சு. அப்புறம் ஒரு ராத்திரி மழை பாருங்க… பதினஞ்சு கார் சேத்துல மாட்டிக்கிச்சு. பக்கத்து ஊரு டிராக்டரைக் கொண்டாந்து இழுத்தோம்.”

அதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம். அத்தனை சக்கரங்களும் ஏறி இறங்கியதில் மண் கல்லாக இறுகிவிட்டது. சம்பாவுக்கு உழப் போனால் கலப்பை இறங்கவில்லை. இரண்டு தடவை ஆழ உழுது, எரு கொட்டி, பிளாஸ்டிக்கையும் பாட்டில் சில்லுகளையும் ஆள் விட்டுப் பொறுக்கி… “வந்த காசுல பாதி அதுக்கே போச்சும்மா” என்றார். “ஆனா அந்த 48 நாளு மாதிரி வராது.”

இப்போது அவரிடம் சிலர் வந்து கேட்கிறார்களாம், நிலத்தை நிரந்தரமாகவே பார்க்கிங்குக்குக் கொடுத்துவிடுங்கள் என்று. அவர் இன்னும் பதில் சொல்லவில்லை.

எனக்கு அங்கேதான் தலை சுற்றியது. தெருவில் வண்டி நின்றால் பாவு போகிறது. வெளியே நிறுத்தினால் வயல் போகிறது. ஏதோ ஒன்றை நாம் மிதித்துக்கொண்டுதான் சாமி கும்பிட வேண்டுமா?

ஒரு சென்ட்டுக்கு ஒரு கார்

கார் பார்க்கிங் என்றால் நான்கு கல்லை நட்டுக் கயிறு கட்டுவது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். கொஞ்சம் விசாரித்தால் அதற்குள் நிறைய கணக்கு இருக்கிறது. ஒரு கார் நிற்க இரண்டரை மீட்டர் அகலம், ஐந்து மீட்டர் நீளம். உள்ளே வந்து வெளியே போக வழிக்கும் அதே அளவு இடம். ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி, அதாவது 40 சதுர மீட்டர். வழி, கழிப்பறை, மரநிழல், காவலர் நிற்கும் இடம் எல்லாம் சேர்த்தால், சென்ட்டுக்கு ஒரு கார் என்று வைத்துக்கொள்ளலாம். ஏக்கருக்கு நூறு. சுற்றுலா பஸ் என்றால் கதையே வேறு. 12 மீட்டர் நீள வண்டி வளைந்து திரும்ப அதைப்போல் இரண்டு மடங்கு அகலம் கேட்கும். அதனால் பஸ்ஸையும் காரையும் ஒரே வாசலில் விட்டால் அன்றைக்கு அவ்வளவுதான்.

உள்ளே வர ஒரு வழி, வெளியே போக வேறு வழி. மழைத்தண்ணீர் வடிய லேசான சரிவு. தார் போடாமல் சரளைக் கல் பரப்பினால் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும். இரவில் திரும்பி வருபவர்கள் தங்கள் வண்டியைக் கண்டுபிடிக்க ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு அடையாளம் (எண் போட்டால் மறந்துவிடுகிறார்கள். மயில், யானை, தாமரை என்று படம் போட்டால் குழந்தைகள் ஞாபகம் வைத்துக்கொள்ளும் என்பது என் சொந்த யோசனை, இலவசம்!). எல்லாவற்றுக்கும் மேலாகப் பெண்களுக்குக் கழிப்பறை. அது இல்லாத பார்க்கிங், ஆண்கள் மட்டும் உட்கார்ந்து போட்ட திட்டம் என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

ஒன்றே ஒன்று மட்டும் செய்யக் கூடாது. ஏரியில் கை வைக்கக் கூடாது. ஏரிகள் நிறைந்த மாவட்டம் இது. கோடையில் வற்றிக் கிடக்கும் ஏரியைப் பார்த்தால் ‘எவ்வளவு இடம் சும்மா இருக்கு’ என்று தோன்றும். நெசவாளர் தெருவைப் பார்த்து எங்களுக்குத் தோன்றியதும் அதுதானே.

வேறு ஊர்களில் என்ன செய்கிறார்கள்? சபரிமலைக்குப் போகிறவர்களில் பலர் நிலக்கல்லில் காரை விட்டுவிட்டு, ஏறக்குறைய 20 கிலோமீட்டர் கேரள அரசு பஸ்ஸில் பம்பைக்குப் போகிறார்கள். அந்த நிலக்கல் மைதானம் ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம். 2018 வெள்ளத்தில் பம்பை அடித்துச் செல்லப்பட்ட பிறகு எல்லாச் சுமையும் அங்கே வந்தது. திருவண்ணாமலையில் பௌர்ணமி கிரிவலத்துக்கு ஊருக்கு வரும் சாலைகளிலேயே தற்காலிக பஸ் நிலையங்கள் போடுவது பழகிப்போன ஒன்று. பனி விழும் நாடுகளிலும் இதே தலைவலிதான். பனிச்சறுக்குப் பாதை மேய்ச்சல் நிலத்தின் வழியே போகும். வருகிறவர்கள் பண்ணையின் கேட்டை மறித்துக் காரை விட்டுவிடுவார்கள். மாட்டுக்குத் தீவனம் கொண்டுபோக வழியிருக்காது. அதனால் பாதை தொடங்குமிடத்தில் வண்டிக்கென்று ஒரு மூலையை ஒதுக்குகிறார்கள். குளிரில் மட்டும் அது பார்க்கிங், மற்ற மாதங்களில் அது மேய்ச்சல் நிலம்தான்.

அந்த ‘குளிரில் மட்டும்’ என்பதுதான் எனக்குப் பிடித்தது. காஞ்சிபுரத்துக்கும் ஆண்டு முழுக்க ஒரே கூட்டம் கிடையாது. வைகாசி கருட சேவை, பங்குனி உத்திரம், முகூர்த்த மாதங்களின் ஞாயிறுகள் என்று நாட்கள் முன்கூட்டியே தெரியும். பஞ்சாங்கத்திலேயே இருக்கிறது! வயலுக்கும் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று பட்டங்கள் இருக்கின்றன. அறுவடைக்கும் அடுத்த நடவுக்கும் நடுவே நிலம் சும்மா இருக்கும் வாரங்களில் மட்டும் வாடகைக்கு எடுத்து, திருப்பித் தரும்போது உழுது சுத்தம் செய்து தரும் செலவையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டால், அந்தப் பெரியவர் மாதிரி ஆட்கள் யோசிக்க மாட்டார்கள். ஆண்டு முழுக்கத் தேவைப்படும் இடத்துக்கு, ஏற்கெனவே பயிர் செய்யாமல் கிடக்கும் புறம்போக்கும் கல்லூரி மைதானங்களும் போதும். 2021-ல் மாநகராட்சியாகிவிட்ட ஊருக்கு இது முடியாத காரியம் இல்லை. அடுத்து அத்தி வரதர் வருவது 2059-ல். அதுவரை காத்திருந்து அவசரமாக ஓலைக்கொட்டகை போட வேண்டுமா என்ன?

நீங்கள் போகிறீர்கள் என்றால்…

சென்னைவாசிகளுக்கு ரயில் இருக்கிறது. கடற்கரை நிலையத்திலிருந்து செங்கல்பட்டு வழியாகக் காஞ்சிபுரம், திருமால்பூர் போகும் மின்சார ரயிலில் ஏறினால் போதும். ஜன்னலோர இருக்கை கிடைத்தால் வழியெல்லாம் ஏரி பார்த்துக்கொண்டே போகலாம். காரில்தான் போக வேண்டும் என்றால், கோயில் வாசல்வரை போகும் ஆசையை விட்டுவிடுங்கள். பெரிய காஞ்சியில் ஓர் இடத்தில் பணம் கட்டி நிறுத்திவிட்டு, காமாட்சி, ஏகாம்பரநாதர், உலகளந்த பெருமாள் எல்லாவற்றையும் நடந்தே பார்க்கலாம். சின்ன காஞ்சிக்கு ஆட்டோ. பெரும்பாலான கோயில்கள் மதியம் நடை சாத்தி நான்கு மணிக்குத்தான் திறக்கும் என்பதால், சேலை எடுக்கும் வேலையை மதியத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். வயதானவர்கள் உடன் வந்தால் அவர்களைக் கோயிலருகே இறக்கிவிட்டு, வண்டியை வெளியே கொண்டுபோய்விடச் சொல்லுங்கள். தெருவில் விட்டே ஆக வேண்டிய நிலை வந்தால், திண்ணையில் உட்கார்ந்திருப்பவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். கண்ணாடியில் போன் நம்பர் வையுங்கள்.

கல்யாணம் முடிந்து இரண்டு மாதம் கழித்து, நான் மட்டும் தனியாக ரயிலில் போனேன். ஸ்டேஷனிலிருந்து ஆட்டோ பிடித்து, பிள்ளையார்பாளையம் முனையிலேயே இறங்கி நடந்தேன். அதே தெரு. இந்த முறை தெரு முழுக்க அரக்கு நிறத்தில் பாவு நீண்டு கிடந்தது. இரு முனையிலும் கட்டி இறுக்கி, ஆறேழு பேர் இரண்டு பக்கமும் நின்று குனிந்து அறுந்த இழைகளை முடிந்துகொண்டிருந்தார்கள். ஒரு பாட்டி பேசிக்கொண்டே முடிந்தார், விரல் மட்டும் தனியாக ஓடியது. பள்ளிக்கூடப் பிள்ளை ஒருவன் சைக்கிளை விட்டு இறங்கி, சுவரோரமாகத் தள்ளிக்கொண்டு போனான். நானும் அவன் பின்னாலேயே சுவரை ஒட்டிப் போனேன்.

தாத்தா நிமிர்ந்து பார்த்தார். கொஞ்ச நேரம் யோசித்தார்.

“அந்த வெள்ளை வண்டிக்காரங்கதான? வண்டி எங்கம்மா?”

“ரயில்ல வந்தேன் தாத்தா.”

“அப்ப சரி. அந்தப் பக்கமா சுத்திப் போம்மா, கஞ்சி இன்னும் காயல.”