பாட்டிக்கு ஒரு மடல்

கொல்கத்தாவில் தமிழ் நூல் தேடுவோர்க்கு முன்னாளில் அலிப்பூர்த் தேசிய நூலகமே பெரும் புகலிடம். பேராசிரியர் வையாபுரிப் பிள்ளையின் நூற்சேர்க்கை அங்கேதான் உள்ளது. 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கிய பின், பண்டை நூல்கள் இணையவழி நம் இல்லங்களுக்கே வரலாயின. 2001இல் தோன்றிய தமிழ் இணையப் பல்கலைக்கழகம், தமிழ் இணையக் கல்விக்கழகம் என்னும் பெயருடன் இன்றும் தமிழ் கற்பிக்கின்றது. பள்ளியில் வங்கமும் இந்தியும் பயிலும் நம் மக்களுக்கு இஃது அரும்பேறு.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தது. இத்தகைய கருவிகள், கேட்ட அளவில் கட்டுரையையே எழுதித் தருகின்றன. சென்ற பொங்கலுக்கு எம் மகள், தஞ்சையிலுள்ள பாட்டிக்கு அவ்வாறு ஒரு மடல் ஆக்கி, அச்சிட்டு அனுப்பினாள். பிழை ஒன்றேனும் இல்லை. பாட்டியோ தொலைபேசியில், "யாரம்மா எழுதிக் கொடுத்தது? ரகரமும் றகரமும் மாறவே இல்லையே!" என்றார். மகள் தலைகுனிந்தாள். நாமும் குனிந்தோம். பழைய கோப்பைப் பார்த்துப் புதிய குறிப்பு எழுதும் அலுவலக வழக்கம் நமக்கும் உண்டன்றோ?

மறுநாள் அவள் தன் கையாலேயே எழுதினாள். ஐந்து வரிகள், நான்கு பிழைகள். அம்மடல் இப்போது பாட்டியின் பூசை மாடத்தில் இருக்கின்றதாம்.

கருவியை வெறுத்தல் நம் கருத்தன்று. அது நூல்களைக் கொணரட்டும்; எழுதியதைத் திருத்தியும் காட்டட்டும். எழுதுவதை மட்டும் நம் பிள்ளைகளிடமே விட்டுவைப்போம்.