கீல் குதிரையும் இரும்புக் குதிரையும்

காஞ்சீபுரத்திலிருந்து வேலூர் செல்லும் சாலையில் ஏழெட்டு மைல் போனால் பாலுசெட்டி சத்திரம் வரும். அதற்கருகே இருப்பது திருப்புட்குழி. புள் என்றால் பறவை. சீதையைக் காக்கப் போராடி உயிர்விட்ட ஜடாயுவுக்கு ஸ்ரீராமபிரான் ஈமக்கடன் செய்த இடம் இதுவே என்கிறது ஸ்தல புராணம். நூற்றெட்டுத் திருப்பதிகளில் ஒன்றான இவ்வூரில் விஜயராகவப் பெருமாளையும் மரகதவல்லித் தாயாரையும் சேவித்த பின், அவசியம் கேட்டறிய வேண்டியது ஒன்று உண்டு. அதுதான் கீல் குதிரை.

மற்றக் கோயில்களின் குதிரை வாகனம் விறைத்து நிற்கும். திருப்புட்குழிக் குதிரையோ அங்கங்களைத் தனித்தனியே செய்து கீல்களால் பிணைத்தது. பெருமாள் அதன்மேல் எழுந்தருளும்போது, உயிருள்ள குதிரையே பாய்ந்து வருவதுபோல் தோன்றுமாம். இதைப் போல் இன்னொன்று வேறெங்கும் செய்வதில்லை என்று விரதம் பூண்ட சிற்பி, அந்த வாக்கைக் காக்கத் தம் உயிரையே விட்டார் என்று ஊரார் சொல்வர். அவருடைய பக்தியைப் போற்றி, உத்ஸவத்தின் எட்டாம் நாள் பெருமாளே அவர் பெயரால் வழங்கும் வீதிக்கு எழுந்தருளுகிறார் என்பதும் வழக்கு.

கதையைக் கேட்ட என் பேத்தி, "அப்படியானால் அந்த வித்தையை அவர் யாருக்குமே சொல்லித் தரவில்லையா, தாத்தா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. மறுநாள் நாங்கள் சென்னைக்குப் புறப்பட்டபோதும் அந்தக் கேள்வி கூடவே வந்தது.

பிரயாணத்தின் நோக்கம் குழந்தையை மகிழ்விப்பதுதான். பூந்தமல்லிப் பக்கத்தில் ராட்டினமும் நீர்ச் சறுக்கலுமாகப் பெரிய கேளிக்கைப் பூங்காக்கள் உண்டு. அவற்றையெல்லாம் தாண்டி, பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையைச் சேர்ந்த ரயில் காட்சிசாலைக்குப் போனோம். 2002-ம் வருஷம் திறக்கப்பட்ட இந்த இடம் பாதி பூங்கா, பாதி பள்ளிக்கூடம். குழந்தைகளை ஏற்றிக்கொண்டு ஒரு சிறு ரயில் வட்டமிடுகிறது. அதைச் சுற்றி, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நீராவி எஞ்சின்கள் மௌனமாக நிற்கின்றன.

நீராவி எஞ்சினின் 'குப் குப்' சப்தத்தைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த மௌனம் சற்று வேதனை தரும். அந்தச் சப்தம் வெறும் ஆரவாரமன்று. உருளையில் உந்துதண்டைத் தள்ளி வேலை முடித்த நீராவி, புகைபோக்கி வழியே வேகமாக வெளியேறும்போது எழுவது அது. அப்படி வெளியேறும் நீராவி அடுப்பிலுள்ள காற்றையும் இழுத்துக்கொண்டு போகிறது. அதனால் நெருப்பு மேலும் கொழுந்துவிடுகிறது. பாரம் அதிகமாக ஆக, மூச்சும் பலமாகிறது. மூச்சு பலமாக ஆக, தீயும் வளர்கிறது. கிட்டத்தட்ட உயிருள்ள பிராணியின் இயல்பு! இதற்கு இரும்புக் குதிரை என்று பெயரிட்டவர்கள் தவறாகப் பெயரிடவில்லை.

1972-ல் சித்தரஞ்சன் தொழிற்சாலை தன் கடைசி நீராவி எஞ்சினைக் கட்டி முடித்தது. டீசலும் மின்சாரமும் வந்தபின் இந்தக் குதிரைகள் ஒவ்வொன்றாக லாயத்தில் அடைபட்டன. அத்துடன் அவற்றைப் பழக்கிய கைகளின் வித்தையும் மறைந்திருக்க வேண்டியதுதான்.

ஆனால் மறையவில்லை. 1855-ல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் கட்டப்பட்டு, கிழக்கிந்திய ரயில்வேக்காக வந்த எஞ்சின் ஒன்று உண்டு. அதன் எண் 21. தென்னாட்டின் முதல் ரயில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு ஓடத் தொடங்கியது 1856 ஜூலை 1-ம் தேதி. அந்த ரயிலுக்கும் ஒரு வயது மூத்தது இந்த எஞ்சின். 1909-ல் ஓய்வு பெற்று, நூற்றொரு வருஷம் ஜமால்பூரிலும் ஹௌராவிலும் காட்சிப் பொருளாக நின்றது. அவ்வளவு காலம் வெயிலையும் மழையையும் பார்த்த இரும்பில் பழுது குறைவாகவா இருந்திருக்கும்? அதைப் பெரம்பூர் எஞ்சின் பணிமனைத் தொழிலாளர்கள் 2010-ல் மீண்டும் ஓடச் செய்தார்கள். அதன் பின் சுதந்திர தினம், குடியரசு தினம் போன்ற திருநாட்களில் அது சென்னைத் தண்டவாளங்களில் புகை கக்கி ஓடியிருக்கிறது.

இதைவிடப் பெரிய சாதனை பொன்மலையில் நடந்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899-லும், பின்னர் உதகைக்கு 1908-லும் ரயில் ஏறியது. கல்லாற்றுக்கும் குன்னூருக்கும் இடையே மலை மிகச் செங்குத்து. அதனால் தண்டவாளங்களின் நடுவே பல் பதித்த கம்பி உண்டு. எஞ்சினின் பற்சக்கரம் அதைப் பற்றிக்கொண்டு ஏறும். ஒரு ஜோடி உருளைகளில் வேலை செய்த நீராவியே அடுத்த ஜோடிக்குச் சென்று பற்சக்கரத்தையும் சுழற்றும். இந்த நுட்பமான எஞ்சின்களை 1914 முதல் 1952 வரை ஸ்விட்ஸர்லாந்தின் விண்டர்தூர் நகரத்தார் கட்டி அனுப்பினார்கள். அவை முதுமையடைந்தபோது, புதியவற்றுக்காக நாம் கடல் கடந்து கையேந்தவில்லை. திருச்சி பொன்மலைத் தொழிலாளர்களே 2011 தொடங்கிப் புது எஞ்சின்களைச் செய்து மலைக்கு அனுப்பினார்கள். பழைய எஞ்சின்களைப் பல்லாண்டுகள் கழற்றிப் பூட்டிப் பழகிய பட்டறை அல்லவா! ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு வந்த வித்தை கடைசியில் புதிய எஞ்சினாகவே உருவெடுத்தது.

வெள்ளைக்காரர் ரயில் போட்டது அவர்களுடைய வாணிபத்துக்கும் பட்டாளத்துக்கும். அவர்கள் போனபோது தண்டவாளம் நமக்குக் கிடைத்தது பெரிதன்று. அந்த வித்தை நம்முடையதானதே பெரிது.

திரும்பும் வழியில் ஸ்ரீபெரும்புதூர் வந்தது. ஸ்ரீ ராமானுஜர் அவதரித்த ஊர். அவர் இளமையில் யாதவப் பிரகாசரிடம் பாடம் கேட்டது திருப்புட்குழியில்தான் என்பார்கள். அதே ராமானுஜர் பின்னாளில் திருக்கோஷ்டியூரில், பரம ரகசியமாகப் பெற்ற மந்திரத்தைக் கோபுரத்தின்மேல் நின்று எல்லோருக்கும் உபதேசித்த வரலாற்றைப் பேத்திக்குச் சொன்னேன்.

அவள் சிறிது நேரம் யோசித்தாள். "தாத்தா, குதிரை செய்த சிற்பியும் கோபுரத்தின்மேல் ஏறியிருக்கலாமே!" என்றாள்.

சிற்பியின் விரதத்தைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. ஆனாலும் அவருடைய குதிரை ஒன்றே ஒன்றாக நின்றுவிட்டது. பொன்மலைக் குதிரைகளோ குட்டி போட்டுவிட்டன.